பதப்பட்ட மாத்திரை

பேராசிரியர் சீனிவாசனுக்குப் பச்சை மை என்றால் கொள்ளை ஆசை. அரசாங்கத்தில் பெரிய அதிகாரிகள்தான் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார்கள். இவரோ வேலூருக்கு வெளியே, வயல்வெளிக்கு நடுவில் நான்கு கட்டடங்களாக நின்ற ஒரு தனியார் பார்மஸி கல்லூரியில், மாத்திரை தயாரிப்புத் துறைக்குத் தலைவர். கெஜட்டில் அவர் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. ஆனாலும் சட்டைப்பையில் பச்சைப் பேனா இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது.

அந்தப் பேனாவுக்காகத்தான் தேவகிருபை ஏழு வருடமாகச் சனிக்கிழமை தோறும் பதினோரு மணிக்கு அவர் மேசை முன்னால் நின்றாள். அதே துறையில் அவள் விரிவுரையாளர். டாக்டர் பட்டத்துக்கும் 1977-ல் அவரிடமே பதிவு செய்திருந்தாள். ஆய்வு நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வழிகாட்டி தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் வாங்காது. செய்ததைத்தான் எழுதினாளா என்று விஷயம் தெரிந்தவர் ஒருவர் பார்க்கட்டும் என்று யாரோ நல்ல மனதோடு போட்ட சட்டம் அது.

சீனிவாசன் நோட்டைத் தொடமாட்டார். அவள்தான் பக்கத்தைப் பிரித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் தொலைபேசியில் யாரோடோ பேசிக்கொண்டே, கையை மேசையில் ஊன்றாமல், பேனா முனை மட்டும் தாளில் படும்படி கிறுக்குவார். முடிந்ததும் பேனாவாலேயே அடுத்த பக்கம் என்று சைகை காட்டுவார். ஏழு வருடத்தில் அவர் கண் கடைசி வரிக்கு மேலே ஏறி அவள் பார்த்ததில்லை.

காரணம் அவளுடைய ஆராய்ச்சிப் பொருள். மாத்திரை என்பது அழுத்திய தூள். அழுத்தினால் மட்டும் நிற்காது, ஓரம் உதிரும், மேல்பாகம் மூடி மாதிரி கழன்று வரும். தூளோடு தூளைப் பிடித்து வைக்க ஒரு பசை வேண்டும். எல்லோரும் ஸ்டார்ச்சுக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்கள். தேவகிருபை ஜெலட்டினை எடுத்துக்கொண்டாள். ஆம்பூர் டேனரிகளில் வெட்டி எறியும் தோல் துண்டுகளை வாங்கி, கழுவி, வேகவைத்து, வடிகட்டி, கண்ணாடி மாதிரி தகடாக ஆக்கி, அதை வைத்து மாத்திரை செய்தாள். நல்ல மாத்திரை. உதிராது, உடையாது, வயிற்றுக்குள் போனால் கரையும். ஆனால் தோல் தோல்தானே. சீனிவாசன் அவள் லேபுக்குள் வந்தால் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார். அந்த ஜெலட்டினுக்கு வாசனையே கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

ஒருமுறை எல்லோர் எதிரிலும் கேட்டார், "உங்கப்பா டேனரில எந்த வேலைன்னு சொன்னே?"

"கடுக்காய்த் தொட்டில சார், தோல் ஊறவைக்கறது."

"அதான் உனக்கு இதுல இவ்வளவு இஷ்டம்" என்றார். ஆய்வு மாணவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்க வேண்டியிருந்தது. அப்படிச் சிரித்ததற்காகத் தன்னை அவள் மன்னிக்கவே இல்லை.

ஆனால் தொடக்கூசிய அந்த நோட்டிலிருந்து வந்த நான்கு கட்டுரைகளிலும் முதல் பெயர் அவருடையது. ஹைதராபாத் மாநாட்டுக்கு அவர்தான் போனார், அவள் எடுத்த கணக்குகளைத் திரையில் காட்டிக் கைதட்டு வாங்கினார். திரும்பி வந்து, "ரெண்டாவது படத்துல எழுத்து சின்னதா இருக்கு, அடுத்த தடவை ஒழுங்கா வரை" என்றார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அந்தப் பட்டம் வந்தால் அடுத்த படியான ரீடர் பதவிக்கு மனுப் போடலாம். ரீடர் ஆனால் தனி லேப். தனி லேப் என்றால் சனிக்கிழமை பதினோரு மணி கிடையாது. 1984 ஜனவரியில் ஆய்வேடு டைப் அடித்து, பைண்டு செய்து தயாராகிவிட்டது. பதிவுக் காலம் ஏற்கெனவே ஒருமுறை நீட்டியது, டிசம்பரோடு முடிகிறது. வழிகாட்டியின் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி, ஒரே ஒரு தாள், அதில் ஒரு பச்சைக் கையெழுத்து. சீனிவாசன் அந்தத் தாளை வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"ஒரு சின்ன வேலை இருக்கு. அதை முடி. போட்டுத் தர்றேன்."

அந்தச் சின்ன வேலைதான் கடுக்காய் மாத்திரை. ஆம்பூரில் டேனரி வைத்திருந்த மக்பூல் அகமது, தோல் வியாபாரத்தோடு மருந்துக் கம்பெனியும் ஆரம்பிக்கலாம் என்று ஆசைப்பட்டார். கடுக்காய் அவருக்கு மூட்டை மூட்டையாக வருகிறது, மலச்சிக்கலுக்கு அதைவிட மருந்து ஏது? கல்லூரியில் செய்முறையை உருவாக்கிக் கொடுத்தால் துறைக்குப் புதுக் கட்டடம் கட்டித் தருகிறேன் என்றார். வாசலில் சீனிவாசன் பெயரோடு கல்வெட்டு. மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது.

ஸ்டார்ச்சுப் பசையில் கடுக்காய்ச் சத்து நிற்கவில்லை. மாத்திரை உதிர்ந்துகொண்டே இருந்தது. பத்தாவது தடவை உதிர்ந்ததும் சீனிவாசன் சொன்னார், "உன் ஜெலட்டினைப் போடு."

தேவகிருபை திடுக்கிட்டாள். "சார், கடுக்காய்க்கு ஜெலட்டின் ஆகாது சார்."

"ஏன் ஆகாது?"

"கடுக்காய்ல இருக்கற துவர்ப்பு ஜெலட்டினைப் போய்ப் பிடிச்சிக்கும். டேனரில பச்சைத்தோல் பதமாவறதே அதாலதான் சார். தொட்டில ஊறின தோல் தண்ணிக்கு அசையாது. எங்கப்பா..."

"உங்கப்பா எந்த யூனிவர்சிட்டில பேராசிரியரா இருந்தார்?"

லேபில் அட்டெண்டர் கன்னியப்பன் இருந்தான், நான்கைந்து மாணவர்கள் இருந்தார்கள். மாத்திரை அடிக்கும் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த கன்னியப்பன், கையை நிறுத்தித் தலையைக் குனிந்துகொண்டான்.

"இது பார்மஸி காலேஜும்மா. தோல் ஊறவைக்கிற தொட்டி இல்ல. இனிமே அப்பா கதையெல்லாம் இங்க வேண்டாம். உன் சர்டிபிகேட் என் டிராயர்ல இருக்கு, ஞாபகம் வச்சிக்கோ."

அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை சொல்லியிருக்கலாம். முதல்வரிடம் போயிருக்கலாம். மக்பூல் அகமதிடம் ஒரு வார்த்தை போட்டிருந்தால் போதும், கடுக்காயும் தோலும் தெரிந்த மனிதர், அந்த நிமிடமே நிறுத்தியிருப்பார். அவள் செய்யவில்லை. அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. படட்டும், நன்றாகப் படட்டும் என்று நினைத்தாள். சொன்னபடியே பத்தாயிரம் மாத்திரை அடித்துக் கொடுத்தாள்.

அடித்த அன்று சோதித்தபோது பதினான்கு நிமிடத்தில் கரைந்தது. பதினைந்து வரை அனுமதி உண்டு. சீனிவாசன் முகமெல்லாம் பல். அவளோ அன்று சாயங்காலம் உட்கார்ந்து, நோட்டில் முந்நூற்றுப் பதினோராம் பக்கத்தை எழுதினாள். எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "இந்த மாத்திரையில் ஜெலட்டின் சேர்க்கக் கூடாது. இரண்டு மாதத்துக்குள் இது தோலாக மாறிவிடும், கரையாது. வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் ஏற்கவில்லை. அவர் உத்தரவின் பேரில் செய்தேன்."

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அந்தப் பக்கத்தைப் பிரித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீனிவாசன் கல்வெட்டுச் செதுக்குகிறவனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார், தன் பெயருக்கு முன்னால் எத்தனை பட்டம் வரவேண்டும் என்று. பேனா இறங்கியது. கையெழுத்து, தேதி. பேனாவால் அடுத்த பக்கம் என்று காட்டினார்.

ஆகஸ்டில் விழா. பந்தல், மாலை, மைக் செட். மாணவர்களும் ஆம்பூர் வியாபாரிகளும் நிறைந்த கூடத்தில், மேடை மேலேயே மாத்திரை கரைக்கும் கருவியை வைக்கச் சொல்லியிருந்தார் சீனிவாசன். வெந்நீர்க் குடுவைக்குள் ஆறு கண்ணாடிக் குழாய்கள் ஏறி இறங்கும். குழாய்க்கு ஒன்றாக ஆறு மாத்திரை. மக்பூல் அகமதே தன் கையால் போட்டார். பதினைந்து நிமிடத்துக்குள் இவை காணாமல் போகும் பாருங்கள் என்று சீனிவாசன் மைக்கில் முழங்கினார்.

பதினைந்து நிமிடம் ஆயிற்று. ஆறும் அப்படியே இருந்தன. சீனிவாசன் சிரித்துக்கொண்டே கடுக்காயின் பெருமையைப் பேசினார். அரைமணி ஆயிற்று. பேச்சில் புதிதாக ஒன்றும் வரவில்லை, சொன்னதையே சொன்னார். முக்கால் மணி ஆனபோது பின்வரிசையில் ஒரு மாணவன் கனைத்தான். ஆறு மாத்திரைகளும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. விழுங்கினால் கரையாமல் முழுசாகவே வெளியே வந்திருக்கும்.

"இன்னா சார், இவ்ளோ டைம் ஆவுது?" என்று எழுந்து வந்தார் மக்பூல் அகமது. குழாய்க்குள் விரல் விட்டு ஒரு மாத்திரையை எடுத்தார். கட்டைவிரல் நகத்தால் கீறினார். மேல்பாகம் பழுப்பு நிறத்தில் மெல்லிய பட்டையாக உரிந்து வந்தது. அதை இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். நாற்பது வருடமாகப் பார்த்த பொருள், அவருக்குத் தெரியாதா?

"இதுல இன்னா பசை போட்டீங்க?"

"ஜெலட்டின்" என்றார் சீனிவாசன்.

"ஜெலட்டின்னா?"

கருவிக்குப் பக்கத்தில் நின்றிருந்த தேவகிருபை சொன்னாள், "வஜ்ஜிரப் பசை பாய். தோல்ல காய்ச்சற வஜ்ஜிரம்தான், சுத்தம் பண்ணது."

மக்பூல் அகமது அவளைப் பார்த்தார், கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"அரே, கடுக்காய்ல தோலைப் போட்டுட்டீங்களே சார்! இது மாத்திரை இல்ல, தோலு. நல்லா பதமாயிருக்கு. இதுக்கு எனக்குக் காலேஜ் எதுக்கு, என் தொட்டில நானே போட்டுக்குவேனே!"

கூடம் முழுக்கச் சிரித்தது. சீனிவாசன் முகத்தில் ஈயாடவில்லை. தேவகிருபைக்கு அந்தச் சிரிப்பு ஏழு வருடத்துக் கூலி மாதிரி இருந்தது. கட்டடம் போயிற்று, கல்வெட்டு போயிற்று.

அடுத்த வாரமே அவளுக்கு மெமோ வந்தது. தலைவருக்குத் தெரியாமல் தன் விருப்பத்துக்குப் பசையை மாற்றி, கல்லூரிக்குத் தலைகுனிவு ஏற்படுத்திவிட்டாளாம். ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். புகார் பச்சை மையில் இருந்தது.

விசாரணை முதல்வர் கிறிஸ்துராஜ் அறையில் நடந்தது. அவரோடு மூலிகை மருந்துத் துறைத் தலைவர் ஷஹீன் பானுவும் உட்கார்ந்திருந்தார். சிடுசிடுப்புக்குப் பேர்போன அம்மாள். எதிரும் புதிருமாக சீனிவாசனும் தேவகிருபையும். தேவகிருபை நோட்டைப் பிரித்து முதல்வர் முன்னால் வைத்தாள். கிறிஸ்துராஜ் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது உங்க கையெழுத்தா சார்?"

"ஆமாம்."

"அப்போ தெரிஞ்சேதான் செய்யச் சொன்னீங்களா?"

ஷஹீன் பானு குறுக்கே புகுந்தார். "ரெண்டாவது வருஷப் பசங்க, கடுக்காய்ல துவர்ப்பு இருக்கான்னு பார்க்க இன்னா ஊத்தறாங்க சார்? ஜெலட்டின் தண்ணி. உடனே திரிஞ்சிபோவும். இது உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னா நான் நம்பணுமா?"

சீனிவாசன் இரண்டு பக்கமும் பார்த்தார். தெரியும் என்றால் கெட்ட எண்ணம். தெரியாது என்றால் முட்டாள். மூன்றாவதாக ஒரு வழி அவருக்குத் தென்பட்டது.

"நான் படிக்கலை."

"இந்தப் பக்கத்தையா?"

"எந்தப் பக்கத்தையும்தான். அந்த நோட்டுல ஒரு வரிகூட நான் படிச்சதில்லை. கொண்டுவந்து நீட்டுவா, போடுவேன். நம்பிக்கைதான்."

அவர் நம்பிக்கை என்று சொன்னதைக் கேட்டு தேவகிருபைக்குச் சிரிப்பு வந்தது. ஒழிந்தான் மனுஷன், தன் வாயாலேயே சொல்லிவிட்டான் என்று ஒரு நிமிடம் குதூகலமாகக்கூட இருந்தது. முதல்வர் பேனாவை மூடிக் கீழே வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"இதை நான் மினிட்ஸ்ல எழுதினா இன்னா ஆவும்னு தெரியுதாம்மா?" என்றார் கிறிஸ்துராஜ். அவர் கெட்டவர் அல்லர், தொல்லை பிடிக்காதவர். "முந்நூத்தி நாப்பது பக்கம். ஒண்ணையும் வழிகாட்டி பார்க்கலைன்னா ஒண்ணும் செல்லாது. யூனிவர்சிட்டி உன் ஆய்வேட்டைத் தூக்கிப் போட்டுடும். ஏழு வருஷமும் போச்சு."

வெளியே ஆற்காடு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இல்லன்னா, இந்தப் பக்கம் ஒண்ணை மட்டும் கையெழுத்துக்கு அப்புறம் எழுதினதுன்னு ஒத்துக்கோ. பசையில தவறு பண்ணிட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. ஒரு எச்சரிக்கையோட முடிச்சிடறேன், வேலைக்கு ஒண்ணும் ஆவாது. மத்த பக்கமெல்லாம் நிக்கும். சார் சர்டிபிகேட் போட்டுத் தருவார். டிசம்பருக்குள்ள அனுப்பிடலாம்."

சீனிவாசன் அதற்குள் டிராயர் சாவியைக் கொடுத்து, வாசலில் நின்ற கன்னியப்பனை அனுப்பிவிட்டார். தாள் வந்தது. ஏழு மாதமாக அவள் கெஞ்சிய தாள். மேசை மேல் விரித்து, பேனாவைத் திறந்து, முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இப்பவே போடறேம்மா. உன் நல்லதுக்குத்தான்."

தேவகிருபை அந்தப் பேனாவைப் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ரீடர், தனி லேப், பெயருக்கு முன்னால் டாக்டர். முப்பத்தாறு வயது, இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க உடம்பில் தெம்பு இருக்குமா என்று தெரியாது. ஆனால் தாளில் அச்சடித்திருந்த வாசகம் கண்ணில் பட்டது: 'இந்த ஆய்வு என் நேரடி மேற்பார்வையில் நடந்தது.' ஒரு வரிகூடப் படிக்கவில்லை என்று இப்போதுதான் சொன்னார், அதே வாயின் ஈரம் காயவில்லை. இந்தக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு சாகும்வரை டாக்டர் என்று யார் கூப்பிட்டாலும், அந்தப் பேனா முனைதான் ஞாபகத்துக்கு வரும். அதைவிட, இந்த மனிதர் தப்பித்துவிடுவார். அதை அவளால் தாங்க முடியாது.

"மினிட்ஸ்ல எழுதுங்க சார்" என்றாள். "அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுங்க."

"யோசிச்சிக்கோம்மா."

"ஏழு வருஷம் யோசிச்சாச்சு சார்."

சீனிவாசன் பேனாவை மூடினார். "திமிர்" என்றார். "தோல் காய்ச்சின திமிர்."

"ஆமா சார்" என்றாள் தேவகிருபை. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஷஹீன் பானு நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முந்நூற்றுப் பதினோராம் பக்கத்தைப் பார்த்தபடியே கேட்டார், "இதை அவர் படிக்கமாட்டார்னு தெரிஞ்சிதானே எழுதினே?"

"ஆமா மேடம்."

"அவமானப்படட்டும்னு?"

"ஆமா மேடம்."

"பத்தாயிரம் மாத்திரையும் கடைக்குப் போயிருந்தா?"

அந்த அறையில் அவளைத் தலைகுனிய வைத்த கேள்வி அது ஒன்றுதான்.

மினிட்ஸ் எழுதப்பட்டது. பல்கலைக்கழகம் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியது. சீனிவாசனின் வழிகாட்டி உரிமையை ரத்து செய்தது, தலைவர் பதவியும் போனது. ஓய்வு பெறும்வரை அவர் எதிர் அறையில்தான் உட்கார்ந்திருந்தார். படிக்கட்டில் எதிரே வந்தால் அவளைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார். அவளும் ஒதுங்க மாட்டாள், நடுப்படியில் நிற்பாள், அவர்தான் சுவரோரம் போக வேண்டும்.

1985 பிப்ரவரியில் அவள் மறுபடியும் பதிவு செய்தாள், ஷஹீன் பானுவிடம். வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தலைப்பு அந்த அம்மாள் கொடுத்ததுதான். ஜெலட்டினும் துவர்ப்பும் சேர்ந்தால் மாத்திரை எந்த நாளில், எந்த அளவில், எப்படித் தோலாகிறது? அன்று அடித்த பத்தாயிரத்தில் மிச்சமிருந்த ஒன்பதாயிரத்துச் சொச்சத்தையும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

முதல் சனிக்கிழமை புது நோட்டோடு போனாள். பழக்கதோஷத்தில் முதல் பக்கத்தைப் பிரித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மேசை முன்னால் நின்றாள்.

"கையை எடு. மறைக்குது" என்றார் ஷஹீன் பானு.

நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். உதடு அசைய, மேலிருந்து கீழே படித்தார். பாதியில் நின்று, திரும்ப மேலே போய்ப் படித்தார். பென்சிலை எடுத்து நாலாவது வரியைச் சுழித்தார்.

"தண்ணி எத்தனை டிகிரில இருந்துச்சு? எழுதவே இல்ல. இந்த எண்ணும் தப்பு, கூட்டிப் பாரு. இன்னா பொண்ணு நீ, ஏழு வருஷம் ஆராய்ச்சி பண்ணேன்னு சொல்றே. யாரும் சொல்லித் தரலையா?"

தேவகிருபைக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்தாள்.

"இப்ப இன்னாத்துக்கு அழறே? போய் எழுதிட்டு வா" என்று நோட்டை நீட்டினார் ஷஹீன் பானு.

கையெழுத்துப் போடவில்லை.